அந்த வாசலில் எனக்காகச் சண்டை போட்ட நைனாவுக்கு

நைனா,

நேற்று பரணிலிருந்து உன் தாடி என் தோளில் விழுந்தது. அம்மா பெரிய அண்டாவை இறக்கச் சொல்லியிருந்தாள். அதன் பின்னால் இருந்த துணி மூட்டையை இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது. சணலைச் சீவி, சாம்பல் தடவி, நீயே செய்துகொண்ட அந்த நரைத்த தாடி. கன்னத்தில் ஒட்டுவதற்கு நீ காய்ச்சும் மைதாப் பசையின் புளித்த வாடை இன்னும் அதில் இருந்தது. அம்மா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். "உதறிட்டு வை, கரப்பான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். தூக்கிப் போடச் சொல்லவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

தவக்காலத்தில் நம் கோயில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். அதில் யூதர்களின் பெரிய குரு எப்போதும் நீதான். நாள் முழுவதும் அம்பத்தூரில் லேத் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை உனக்கு. மைக் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆண்டவரைச் சாவுக்கு ஒப்படைக்கச் சொல்லி நீ கர்ஜித்தால் நம் முத்தாபுதுப்பேட்டைப் பெண்கள் மண்ணை வாரி மேடைமேல் வீசுவார்கள். ஒரு வருடம் யாரோ எறிந்த செருப்பு உன் நெற்றியில் பட்டது. நான் அழுதேன். நீ ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "சுமாரா நடிச்சா மண்ணு, நல்லா நடிச்சா செருப்பு" என்றாய். மறுநாள் மீன்காரம்மா கூடையை மூடிக்கொண்டாள்.

"உனுக்கு மீனு கெடையாது, போ. எங்க ஆண்டவரை அந்தப் பாடு படுத்திட்டு, காலையில வந்து நெத்திலி கேக்குறியா நீ?"

அதைவிடப் பெரிய பரிசு உனக்கு யாரும் கொடுத்ததில்லை. வாரம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நான் சிரிக்காமல் போனது அதற்குப் பிறகுதான். ஆவடி நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலம். நாடு நாடாகத் துரத்தப்பட்ட ஒரு சனத்தின் வரலாறு ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது. நாடகத்தில் நாம் மண் வீசுகிற அதே சனம். பிறகு பழைய ஏற்பாட்டை முதலிலிருந்து வாசித்தேன். அதில் மனிதர்கள் கடவுளோடு வாதாடினார்கள், பேரம் பேசினார்கள், விடிய விடிய மல்லுக்கு நின்றார்கள். கடவுளும் அதற்காக அவர்களைக் கைவிடவில்லை. ஞானோபதேச வகுப்பில் நான் ஏன் என்று கேட்டால், மன்றாடு என்றுதான் பதில் வரும். கேள்வியையே மன்றாட்டாக எடுத்துக்கொள்கிற ஒரு வேதம் இருக்கிறது என்பது எனக்குத் தாகத்தில் கிடைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பங்கரை ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பேன். மாதாவுக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒருமுறை மட்டும் வாய் தவறி, "மாதாவும் அந்தச் சனந்தானேம்மா" என்றேன். அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"மாதா எப்படிடீ யூதச்சி ஆவாங்க? வேளாங்கண்ணியில பொடவை கட்டினு நிக்கிறாங்க, பார்த்ததில்ல?"



எனக்குப் பதினாறு வயதாகியிருந்த தவக்காலத்தில், ஒத்திகைக்குப் போகும் முன் உன் கன்னத்தில் பசை தடவிக்கொண்டிருந்தேன். தாடியின் ஒரு பக்கம் ஒட்டியாகிவிட்டது. மறுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"நைனா, நான் யூத மதத்துல சேரலாம்னு இருக்கேன்."

நீ குலுங்கிச் சிரித்தாய். "நான் ஒருத்தன் வேஷம் கட்டினு அடி வாங்குறது போதாதா? நீ வேற நெசமாவே ஆவணுமா?"

நான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாய். தொங்கிய தாடியை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய். அன்றைக்கு நீ ஒத்திகைக்குப் போகவில்லை.

அம்மா அழுதாள். உன்னை எவன் கட்டுவான், செத்தா எந்தக் கல்லறையில வைப்பாங்க, தெருவுல எப்படித் தலை காட்டுறது என்று கேட்டாள். பங்குச் சாமியாரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் நல்லவர். கோபப்படவில்லை. "படிக்கிற பிள்ளை. இந்த வயசுல வர்ற காய்ச்சல்தான், தானா இறங்கிடும்" என்றார். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற உனக்கு அது பிடிக்கவில்லை. வரும் வழியில், "காய்ச்சலாமே" என்று மட்டும் முணுமுணுத்தாய்.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். நான் தேடிப் போகிற இடத்தின் விலை நீயாக இருந்துவிடுமோ என்ற பயம். போ என்று நீ சொல்லிவிட்டால் உன்னை இழப்பேன். போகாதே என்றால் என்னை இழப்பேன்.

நாடகம் முடிந்து, ஈஸ்டரும் முடிந்த பிறகு நீ பேசினாய். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய்.

"எங்கப்பன் கிறிஸ்து வேதத்துல சேர்ந்தப்ப யாரையும் கேட்டுகினு சேரல. பண்ணை வேலை செஞ்சவன். ஆண்டை ஒதைச்சான், அப்பவும் சேர்ந்தான். அவன் புள்ளை நான், உன்னைப் போவாதன்னு எந்த வாயால சொல்றது?"

நான் சோப்பைக் கீழே வைத்தேன்.

"ஆனா ஒண்ணு. கோயில்ல சேர்ந்தப்புறமும் அவனுக்குப் பக்கத்து வாசல்தான். நடுவுல மேல்சாதிக்காரங்க, ஓரத்துல நாம. சின்னப் புள்ளையில நானும் அந்த ஓரத்துல உட்கார்ந்தவன். அந்த யூதருங்க உன்னை எங்க உட்கார வெப்பாங்கன்னு பார்த்துட்டு வா. அப்பால முடிவு பண்ணு."

பிறகு, வேறு யாரோ கேட்டது போல் நீயே பதிலும் சொன்னாய். "தனியா எப்படிப் போவ? நானும் வரேன்."

உன்னோடு வேலை செய்த கொச்சிக்காரர் ஒருவர், அங்கிருந்த ஒரு யூதப் பெரியவரின் விலாசம் சொல்லி அனுப்பினார். அம்மா எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள். ரயிலேறி, மறுநாள் எர்ணாகுளத்தில் இறங்கிப் படகில் அக்கரை போனோம். யூதத் தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. முக்கால்வாசிப் பேர் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள் என்றார்கள். நமக்குச் சொல்லப்பட்ட பெரியவர் ஒரு சின்ன முட்டைக் கடையில் உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுப் பக்கம் வியாபாரம் செய்தவர், அதனால் தமிழ் வந்தது. ரயிலில் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டா மோளே. வீட்டுக்குப் போ."

நான் தலைகுனிந்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் ஸ்டூல் கிறீச்சிட்டது. நீ எழுந்து நின்றிருந்தாய்.

"ஏன் வாணாம்?"

"வேண்டா என்னு பறஞ்ஞு."

"அதான் ஏன்னு கேக்குறேன். இன்னா கொறை என் பொண்ணுகிட்ட? நாங்க இன்னா ஆளுங்கன்னு விசாரிச்சிட்டீங்களா? அதானே?" உன் குரல் தெருவின் அந்தக் கோடி வரை போயிருக்கும். "வெள்ளிக்கிழமை ஆனா வெளக்கு வெக்கிறா. அவங்கம்மா மாதாவுக்குன்னு நெனைச்சிகினு கீறா, எனக்குத் தெரியாதா யாருக்குன்னு? ஈஸ்டருக்கு ஊட்ல பன்னிக்கறி ஆக்கினோம். உங்க வேதத்துல பன்னி ஆவாதுன்னு, வயித்துவலின்னு சொல்லிட்டு ரசஞ்சோறு துன்னா. என் பொண்டாட்டி ஆக்குற பன்னிக்கறிங்க! மோந்து பார்த்தா செத்தவன் எழுந்து உக்காருவான். அதையே தொடல இவ. இதுக்கு மேல இன்னா பரீச்சை வெக்கணும் உங்களுக்கு?"

 ஒருவருக்கும் தெரியாமல் செய்கிறேன் என்று நினைத்த ஒவ்வொன்றையும் நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாய். நான் உள்ளே போய்விடக் கூடாது என்று நீ மனதார வேண்டிக்கொண்ட ஒரு வாசலில், என்னை உள்ளே விடச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

பெரியவர் முதலில் பயந்தார். பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சாரே, இரிக்கு, இரிக்கு. சாதி பார்த்துத் திருப்பி அனுப்பலை. யார் வந்தாலும் முதல்ல வேண்டா என்னு சொல்லணும். அதாணு எங்களோட முறை. அனுப்பின பிறகும் திரும்பி வந்தால், அப்பத்தான் கேட்கணும், உனக்கு எதுக்கு இது என்னு."

மதம் மாற்றுகிற அதிகாரம் உள்ள குரு அங்கே யாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, அதற்கு வெகுதூரம் போக வேண்டும் என்றும் சொன்னார். நீ உட்கார்ந்தாய். ஆனாலும் உன் கேள்வியை விடவில்லை. "எங்க கோயில்ல எங்கப்பனுக்குப் பக்கத்து வாசல்தான். உங்க கோயில்ல எல்லாரும் ஒண்ணாத்தான் உட்காருவாங்களா?"

அவர் ஒரு முட்டையை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"என் அப்பன் கோயில் படியில இருந்து பிரார்த்திச்சவன். அடிமை வழியில வந்தவர் என்னு சொல்லி உள்ளே விடலை. ஞானும் சின்ன வயசுல படியிலதான்."

"படியிலயா?"

"படியில."

"இப்ப?"

"இப்ப உள்ளே. உள்ளே இப்ப நிறைய இடம் உண்டு. ஆள்தான் இல்லை."

"அப்பவே உட்டுட்டுப் போயிருக்கலாமே?"

"பக்கத்து வாசல்ல போன உங்க அப்பன் போனாரா?"

 அவர் நமக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

அது வெள்ளிக்கிழமை. சாயங்காலத் தொழுகைக்கு அவரே நம்மை அழைத்துப் போனார். பெண்களுக்கு மாடியில் இடம். அங்கே மரத்தடுப்பின் இடுக்கு வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பழக்க தோஷத்தில் சிலுவை போட உன் கை நெற்றிக்குப் போனது. பாதியில் நினைவு வந்து, அப்படியே காதைச் சொறிந்துகொண்டாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடம் மேடையில் நீ எந்தச் சனத்துக்காகச் செருப்படி வாங்கினாயோ, அந்தச் சனத்தின் நடுவில் முதல் தடவையாக வேஷமில்லாமல் இருந்தாய்.

திரும்பும் ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "ரெண்டாவது தபா போறதா இருந்தா சொல்லு, நானும் வரேன். உனுக்குச் சண்டை போடத் தெரியாது."

அடுத்த தவக்காலத்திலும் பெரிய குரு நீதான். ஆனால் நீ கர்ஜிக்கவில்லை. வயதான, களைத்த ஒரு மனிதர் தன் சனத்துக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு பேசுவது போலப் பேசினாய். ஒருவரும் மண் வீசவில்லை. "இன்னாப்பா, குருவுக்கு ஜொரமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். நாடகம் நடத்துகிறவர் திரைக்குப் பின்னால் உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஜனங்களுக்கு ஆத்திரம் வர வாணாமா?"

"வாணாம், அண்ணாத்தே."

அதற்கடுத்த வருடம் அந்த வேஷத்தை வேறொருவர் கட்டினார். உனக்குத் திரை இழுக்கும் வேலை கொடுத்தார்கள். நீ அதையும் ஒழுங்காகச் செய்தாய். தாடி பரணுக்குப் போனது அப்போதுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

நான் கல்லூரிக்குப் போனேன். பிறகு திருமுல்லைவாயிலில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஞாயிறுகளில் உன்னோடு பூசைக்கு வந்தேன், வெள்ளிக்கிழமைகளில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டாவது தடவை போகவில்லை. போக முடியாததால் அல்ல. எந்தப் பக்கம் போனாலும் நீ கூட வருவாய் என்று தெரிந்த பிறகு, அவசரம் போய்விட்டது. சாமியார் சொன்ன காய்ச்சலாக இருந்தால் இத்தனை வருடத்தில் இறங்கியிருக்க வேண்டும். அது இறங்கவில்லை. உன் அடக்கப் பூசையில் நின்றபோதும் அந்தக் கேள்வி என்னோடுதான் நின்றது. பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நான் நினைத்துக்கொண்டது, நீ இல்லாமல் அந்த வாசலுக்குத் தனியாகத்தான் போக வேண்டும் என்று.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், மேற்கொண்டு வழி கேட்டு நான் மறுபடி கொச்சிக்குப் போனால் அழுவாயா என்று. அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

"அழுவத்தான் செய்வேன். அதுக்கென்ன? உங்க நைனா ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே சொல்லிட்டுப் போச்சு. அவ போறேன்னு சொன்னா நீ கூடப் போ, தனியா உடாதன்னு."

 கடைசி நாட்களில் உன்னால் சரியாகப் பேசவே முடியவில்லையே. இருந்த கொஞ்ச மூச்சில் இதையா சொன்னாய்?

"நீ வந்து என்னம்மா பண்ணுவ அங்க?" என்றேன்.

"ஏன், வாணாம்னு சொன்னா எனக்குச் சண்டை போடத் தெரியாதா? உங்க நைனா மேடையிலதான் கத்தும். இந்த ஊட்ல கத்தினது யாரு?"

இன்னும் நாள் குறிக்கவில்லை, நைனா. என்னவாகத் திரும்பி வருவேன் என்றும் தெரியாது. போகும்போது இரண்டு டிக்கெட் எடுப்பேன்.