நீல ஜாக்கெட்டுக்குக் கொடுத்த பிள்ளை

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். காலை ஒன்பதுக்கே கூரை சுடுகிறது. ரப்பர் மரங்கள் பாதி மொட்டை. கூட்டக் கூட்ட வாசலில் இலை.

வகுப்பிலும் மொட்டைதான். தைப்பூசம் முடிந்து வந்த பதினோரு பிள்ளைகளில் நான்கு பேர். சந்தனம் பூசிய தலைகளில் எது தர்வின், எது கிஷன் என்று எனக்கே குழப்பம். என் உதவியாளர் மகேஸ்வரி அக்கா (இனி ம.அ., எழுதிக் கை வலிக்கிறது) முதுகில் பெயர் ஒட்டலாம் என்கிறார்.

பல் துலக்கல், வட்டப் பாட்டு, இலை ஒட்டுதல். வாங்க வேண்டியவை: பசை, டிஷ்யூ, எனக்குத் தலைவலி மாத்திரை.

கவிஷா ஒரே ஓர் இலையை ஒட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். டிசம்பர் விடுமுறையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அம்மா போனதிலிருந்து இப்படித்தான். அப்பா ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். பிள்ளை சித்தி வீட்டில்.

பன்னிரண்டுக்கு வழக்கம்போல் வேலிக்கு வெளியே மோட்டார் கூட்டம். தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து எல்லா அம்மாக்களும் மோட்டார் ஓட்டப் போடும் முழுக்கை ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்பார்கள். ஜாக்கெட் நிறத்தைப் பார்த்துத்தான் பிள்ளையை அனுப்புகிறேன். ஆறு வருடப் பழக்கம்.

எல்லாரும் போன பிறகும் ஒரு நீல ஜாக்கெட் நின்றது. இங்கே பிள்ளை யாரும் மிச்சமில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

பிப்ரவரி 4, புதன்

காற்று. கூரை மேல் நாள் முழுக்க இலை உரசும் சத்தம். தர்வின்: "டீச்சர், மேல யாரோ நடக்கறாங்க." உட்கார்ந்து பாலைக் குடிடா என்றேன்.

கவிஷா பாலை முழுதாகக் குடித்தாள். இரண்டாவது தடவை சோறும் கேட்டாள். அப்பாடா.

நீல ஜாக்கெட் இன்றும் மரத்தடியில். ம.அ.விடம் கேட்டேன். "புது பிள்ளைக்கு எடம் கேக்க வந்திருப்பாங்க லா. வெக்கமா இருக்கும்." அப்படியானால் உள்ளே வரவேண்டியதுதானே? கவிஷா வேலிக் கம்பியில் முகத்தை வைத்துக் கையசைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

12 மணி. கிஷனின் ஒரு கால் சப்பாத்தைக் காணோம். அவன் ஒப்பாரி, நான் மேசைக்கடியில். நீல ஜாக்கெட் இன்று கேட்டுக்கே வந்துவிட்டது. கவிஷா ஓடினாள். நான் ஆளை நிமிர்ந்து பார்க்காமலே அவள் பையை நீட்டினேன். "பேக்க மறந்துட்டா பாருங்கம்மா." போன வருடம் முழுக்க அவள் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை. ஒரு கை வாங்கிக்கொண்டது.

12.20. சித்தி காரில் வந்து இறங்கினாள். "கவிஷா எங்க டீச்சர்?"

"இப்பதான் அவங்கம்மா வந்து..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சித்தி என்னையே பார்த்தாள். ம.அ., "ஐயோ முருகா" என்று சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

சித்தி காரிலேயே தேடினோம். கடை வரிசை, கோயில், செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதை. கடைசியில் புக்கிட் செலம்பாவில், அவர்கள் முன்பு குடியிருந்த வீடு. பூட்டிக் கிடக்கிறது. வாசற்படியில் கவிஷா, சப்பாத்தைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு. அழவே இல்லை.

"அம்மா கூட்டியாந்தாங்க."

"மூஞ்சியப் பாத்தியாடி?" சித்தி உலுக்கினாள்.

"இல்ல. காட்டு காட்டுன்னு கேட்டேன். ஹெல்மெட்ட கழட்டவே இல்ல."

சித்தி என்னை அறையாமல் விட்டது பெரிய விஷயம். கவிஷா அம்மா போடும் நீல ஜாக்கெட் இப்போது எங்கே என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியிலயே வெட்டி எடுத்துட்டாங்க டீச்சர். துண்டு துண்டா."

அவள் அம்மா வேலை பார்த்த பேக்டரியில் எல்லாருக்கும் அதே நீல ஜாக்கெட்தான். பிள்ளையைப் பறிகொடுத்த யாரோ ஒருத்தியாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

விடுமுறை. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான், நாளை ஞாயிறு பள்ளி உண்டு. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பீடோங் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் கொடுத்தேன். மோட்டார் நம்பர்? தெரியாது. வயது? தெரியாது. முகம் எப்படி இருக்கும்? சிரிப்பு வந்தது, பிறகு அங்கேயே அழுதுவிட்டேன். அந்தப் போலீஸ்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தலைமையாசிரியர் உத்தரவு, கேட்டில் ஒட்டியாயிற்று: ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டினால்தான் பிள்ளை. இதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"என்னா டீச்சர், என் மூஞ்சி ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கிஷன் அம்மா கோபித்துக்கொண்டார். தெரியாதுதான், வெட்கக்கேடு. அவர் கன்னத்தில் இவ்வளவு பெரிய மச்சம் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

நீல ஜாக்கெட் வரவில்லை. கவிஷா பாலைத் தொடவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். மரங்களில் ஓர் இலைகூட இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் போயாயிற்று. சித்தி கார் இன்னும் வரவில்லை. நானும் கவிஷாவும் கேட்டுக்குள் நின்றோம். மோட்டார் வந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால் நீல ஜாக்கெட் நிற்கிறது, நாலடி தூரத்தில். ம.அ. போலீசுக்குப் போன் பண்ண உள்ளே ஓடினார். நான் கவிஷாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாருங்க நீங்க? மூஞ்சியக் காட்டுங்க!" ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். எனக்குப் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

கவிஷா துள்ளினாள். "காட்டும்மா! டீச்சரே சொல்லிட்டாங்க!"

கை மெதுவாக எழுந்தது. கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்தது. தூக்கத் தொடங்கியது.

"வேண்டாம்!"

கத்தியது நான்தான். ஒரு கையால் கவிஷாவின் கண்களைப் பொத்திவிட்டு, என் கண்களையும் இறுக மூடிக்கொண்டேன். அவள் என் கையைப் பிராண்டினாள், கடித்தாள். நான் விடவில்லை. கண் திறந்தபோது பாதையில் யாரும் இல்லை.

போலீஸ் வந்தது, சுற்றிப் பார்த்தது, போனது. "நல்ல வேல பண்ணீங்க டீச்சர்" என்கிறார் ம.அ.

என்ன நல்ல வேலை? யாரோ ஒரு கிறுக்கியாக இருந்தால் முகம் தெரிந்திருக்கும், பிடித்திருக்கலாம். கிறுக்கி இல்லையென்றால், அந்தப் பிள்ளை ஒரு தடவை பார்த்திருப்பாள். பயந்தவள் நான். மூடியது அவள் கண்ணை.

காரில் ஏறும்போது கவிஷா கேட்டாள். "அம்மா எனக்குத்தான காட்ட வந்தாங்க. நீங்க ஏன் டீச்சர் வேணாம்னு சொன்னீங்க?"