எழுபதாயிரம் மைல்

மார்ச் 9, புதன்

இன்றும் வழுக்கியது. ஷிமெக் பண்ணைக்கு முந்தைய வளைவு. போன மாதம் பள்ளத்தில் இறங்கிய அதே இடம். பனி உருகிச் சரளைச் சாலையெல்லாம் சேறு. பிரேக்கை நான் தொடக்கூட இல்லை. காரின் பின்பக்கம் தானாக ஒதுங்கிப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஷிமெக் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். நல்லவேளை, தபால் எதுவும் நனையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டயர் தேய்ந்துவிட்டது என்று லைலிடம் சொன்னேன். அடி ஏதாவது பட்டதா என்று கேட்க வேண்டிய புருஷன், அந்த டயர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்கிறான். முப்பத்தோராயிரம் மைல் என்றேன்.

"எழுபதாயிரம்னு போட்டிருக்கு வெர்னா. பாதிகூட ஆகல. டயர் தேஞ்சிருச்சா, இல்ல உன் ஓட்டுற லட்சணம் அப்படியா?"

இருபது வருஷமாக நெப்ராஸ்காவின் இந்த மூலையில் வீடு வீடாகத் தபால் போடுகிறேன். என் ஓட்டுற லட்சணமாம்! சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 10, வியாழன்

போஸ்ட் மாஸ்டர் மிஸஸ் பவெல்கா கூப்பிட்டு உட்கார வைத்தார். கனிவாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். ஒரே வளைவில் இரண்டு விபத்து. இரண்டையும் மேலிடத்தில் ஓட்டுநர் தவறு என்று முடித்துவிட்டார்களாம். மூன்றாவதாக ஒன்று நடந்தால் என் பாதையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை உள்ளே தபால் பிரிக்க உட்கார வைப்பார்களாம். அதற்கு முன் ஏப்ரலில் ஒருநாள் என்னோடு காரில் வந்து, நான் ஓட்டுவதைப் பார்ப்பாராம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளைப் பார்ப்பது போல!

ஜன்னல் இல்லாத அந்த அறையில் என்னால் ஒரு வாரம் தாங்காது. எந்தப் பெட்டியின் கதவு இறுகும், எந்த வீட்டு நாய் துரத்தும், யார் கடிதத்துக்காக வாசலில் நிற்பார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பாதை என்னுடையது. விடமாட்டேன்.

மார்ச் 12, சனி

சனிக்கிழமைகளில் எனக்குப் பதிலாக லைல்தான் தபால் போடுகிறான். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவனுக்கு இருக்கிற ஒரே வேலை. தபால் காரை அவன் எடுத்துப் போனதும், நான் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு டேரல் கடைக்குப் போனேன். டேரல் லைலின் தம்பி. இந்த டயரை நம் தலையில் கட்டிய புண்ணியவான்.

எழுபதாயிரத்துக்குப் பொறுப்பு ஏற்றீர்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அண்ணி, அதெல்லாம் வீட்டுக் காருக்குத்தான். தபால் போடுறது தொழில்ல சேர்த்தி. அதுக்குப் பொறுப்பு கிடையாது."

"விக்கும்போது நான் தபால் போடுறவள்னு உனக்குத் தெரியாதா? கார் கூரைல மஞ்ச விளக்கு சுத்துதே, அது என்ன சர்க்கஸுக்கா?"

"நீங்க கேக்கல, நான் சொல்லல."

சிரித்துக்கொண்டே சொல்கிறான்! அந்த எண் எப்படி வருகிறது என்றும் விளக்கினான். எங்கோ நல்ல தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, தேய்ந்ததை அளந்து, மிச்சத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்களாம். அந்தச் சாலையில் தபால்பெட்டி இருந்ததா? நூறடிக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பினார்களா? நான் வெளியே வரும்போது, பிரேக்கைப் பார்த்து மிதிங்க அண்ணி என்று அறிவுரை வேறு.

மார்ச் 13, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து வந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். லைல் ஒரு செண்ட் காசை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். ஊரில் எல்லாரும் செய்வதுதான், காசிலிருக்கும் லிங்கனைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் செருகிப் பார்ப்பது. தலை உள்ளே மறைந்தால் டயர் நல்லது, உச்சி வெளியே தெரிந்தால் தேய்ந்தது. உடனே திரும்பி வந்தான்.

"புருவம் வரைக்கும் உள்ள போயிருச்சு. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். போதுமா?"

அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிளறப் போனேன்.

மார்ச் 14, திங்கள்

தபால் ஏற்றும் முன் நானே குனிந்து காசைச் செருகிப் பார்த்தேன். புருவமாவது மண்ணாங்கட்டியாவது! லிங்கனின் முழுத்தலையும் வெளியே நிற்கிறது. பின் டயரிலும் அதே.

பொய். தம்பியைக் காப்பாற்ற என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன். என் வேலை போனாலும் பரவாயில்லை, தம்பி கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது, அப்படித்தானே? வீட்டுக்கு வந்து மூஞ்சிக்கு நேராகப் பொய்யன் என்றேன். என் கையாலதான் பார்த்தேன் என்றான். நானும் என் கையால்தான் பார்த்தேன் என்றேன்.

மார்ச் 16, புதன்

பேச்சில்லை.

மார்ச் 24, வியாழன்

அடுத்த ஊர்க் கடையில் புது டயருக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் அளவு வர மூன்று வாரமாவது ஆகுமாம். அதுவரை சனிக்கிழமை மழை பெய்தால் போகாதே என்று லைலிடம் சொன்னேன், ஒரு வாரத்துக்கு மேல் கழித்து நான் பேசிய முதல் பேச்சு. சிரித்தான். நல்ல டயரைக் கழற்றி எறிகிறேனாம். நான் அழுதது கோபத்தில்தான்.

ஏப்ரல் 2, சனி

காலையிலிருந்து மழை. லைல் கிளம்பிப் போனான். வழக்கத்தைவிட வெகு தாமதமாக வந்தான். முழங்கால் வரை சேறு. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு மழை என்றான். மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்தேன், அவனுக்கு அதுதான் உயிர். தொடவே இல்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், லைல் காரின் வலப்பக்கம் சேற்றில் உட்கார்ந்திருக்கிறான். மடங்காத அந்த முழங்காலோடு! பிறகு எழுந்து இடப்பக்கம் போனான். மறுபடி வலப்பக்கம் வந்தான். வெளியே போனேன்.

இடப்பக்க டயர் இரண்டும் புதுசு போல. வலப்பக்கம் இரண்டும் சாப்பாட்டுத் தட்டு போல வழவழ.

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் இடப்பக்கம் இருந்தாலும், சாலையின் வலது ஓரத்துப் பெட்டிக்குள் கை எட்ட வேண்டும் என்று நான் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி மிதித்து ஓட்டுகிறேன். கிராமத்துத் தபால்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். நாள் முழுக்க வலது சக்கரங்கள் ஓரத்துச் சரளையில், இடது சக்கரங்கள் கெட்டியான நடுச்சாலையில். இந்த டயர் ஒரு திசையில் மட்டும் சுற்றுமாம், அதனால் டேரல் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றுவானே தவிர, பக்கம் மாற்றியதே இல்லை. நான் இறங்குவது வலப்பக்கம், தபால் ஏற்றுவது வலப்பக்கம். லைல் முழங்கால் மடங்காததால் இடது இருக்கையிலேயே உட்கார்ந்து, தன் நீளக் கையை எட்டிப் போட்டுச் சமாளிக்கிறான். அவன் இறங்குவது இடப்பக்கம். காசு செருகியதும் அங்கேதான்.

ஆக அவன் பொய் சொல்லவில்லை. கோபம் தணிய வேண்டும் இல்லையா? கூடுகிறது. மூன்று வாரம் என்னை ஓட்டத் தெரியாதவள் என்றானே, ஒருமுறையாவது காரைச் சுற்றி வந்து பார்த்தானா? நானும் பார்க்கவில்லைதான். இருக்கட்டும். வேலை போகவிருந்தது எனக்கு.

"ஷிமெக் வளைவுலதான்," என்றான் தரையைப் பார்த்தபடி. "நான் பிரேக்க தொடவே இல்ல."

நானும் அதைத்தான் சொன்னேன் என்றேன். ஷிமெக்தான் அவனையும் இழுத்துவிட்டாராம். ஷிமெக் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். மாலையில் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று காரை எடுத்துப் போனான்.

ஏப்ரல் 5, செவ்வாய்

மிஸஸ் பவெல்கா கூப்பிட்டார். என்னோடு வரும் தேதியைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வரவில்லையாம், தேவையில்லையாம். ஞாயிறு மாலை லைல் காரோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். தானும் அதே இடத்தில் விழுந்ததாகவும் என் மேல் தப்பில்லை என்றும் சொல்லி, அந்த அம்மாளைச் சேற்றில் காரைச் சுற்றி வரவைத்து இரண்டு பக்கத்தையும் காட்டியிருக்கிறான். என் பேரில் இருந்த இரண்டு விபத்தையும் டயர்க் கோளாறு என்று மாற்றிவிட்டார்களாம்.

ஆனால் தபாலோடு பள்ளத்தில் இறங்கிவிட்டு அன்றே சொல்லாதது பெரிய தப்பு. அது லைலுக்கு நன்றாகத் தெரியும். அவன் முழங்காலையும் சேர்த்துப் பார்த்து, சனிக்கிழமை வேலையிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "உன்ன யாரு போய்ச் சொல்லச் சொன்னா? யாரு கேட்டா?"

அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நீ கேட்டியே. மூணு வாரமா."

ஏப்ரல் 9, சனி

புதிதாக ஒரு பெண் வந்து தன் காரில் தபாலை எடுத்துப் போனாள். லைல் எட்டு மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு, பிறகு ஞாபகம் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. டேரல் போன் செய்தான். அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பார்த்திருப்பேனே என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, சனி

டயர் வந்துவிட்டது. இரண்டு பேருமாகப் போனோம். பக்கம் மாற்றிப் போடக்கூடிய டயர், அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். அறுபத்தைந்தாயிரம் மைல் தாராளமாக வரும் என்றார் கடைக்காரர். அவர் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டேன்.

டயரில் ஒட்டியிருக்கும் சீட்டை எழுத்து விடாமல் படிப்பவன் லைல். இன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நம்ம பாதையில எவ்வளவு வரும்?"

முப்பத்தைந்து வந்தால் அதிகம் என்றேன். சரி என்றான். இருபத்தாறு வருஷத்தில் கார் விஷயத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் சரி.

நம்ம பாதை என்றான். இனி அது அவனுடையது இல்லை. நான் திருத்தவில்லை.