கதவோரத்து ஆம்ப்ளிஃபயர்

என் அருமைத் தம்பி நாச்சிமுத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, கண்ணு. கடைசி மூன்று வருஷம் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது கடுதாசி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இதைய அவரு இருக்கறப்பவே செஞ்சிருக்கலாமல்லங்க" என்று உன் அண்ணி தெய்வானை அடுப்படியிலிருந்து குத்திக்காட்டுகிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

முதலில் ஊர்ச்சங்கதி. நம் சிங்காநல்லூர்த் தெருவுக்கும் கேபிள் டிவி வந்துவிட்டது. சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு பாட்டுத்தான். நான் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. எனக்கு ஃபவுண்டரியில் இன்னும் ராத்திரி ஷிஃப்டுதான். மத்தியானம் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன்.

அப்பாவின் வீட்டை நாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டபோது, நடுக்கதவைப் பெயர்த்துவிட்டுச் சுவர் வைக்க இருவருக்கும் மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். என் பக்கம் கதவை ஒட்டி என் கட்டில். உன் பக்கம் என்ன இருந்தது என்று எட்டிப்பார்க்க எனக்கு அவசியம் வரவில்லை, தொண்ணூற்று மூன்று தீபாவளிக்கு நீ அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கி வருகிற வரை.

மில்லில் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, ஸ்டீல் கித்தாரை மடியில் படுக்கப்போட்டு, இரும்புக்கட்டையால் கம்பியை வழித்து வழித்து இழுப்பாய். அதுவரை அது எனக்கு லேசான முனகல்தான், நான் பாட்டுக்குத் தூங்குவேன். பெட்டி வந்த பிறகு அந்த இழுப்பு கதவு வழியாக நேரே என் காதுக்குள் நுழைந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை உனக்கு. ஜன்னலோரம் வைக்கலாம், மூலையில் வைக்கலாம். என் தலைமாட்டில்தான் வைக்க வேண்டுமா? வேண்டுமென்றே செய்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். "கட்டிலை அந்தப்பக்கம் நவுத்திப் போட்டுக்குங்களே" என்றாள் தெய்வானை. அவன் பெட்டியை நகர்த்தட்டும் என்றேன்.

நீ ஒருநாள் என்னிடம் வந்து, "ஏனுங்ணா, சத்தம் ரொம்ப வருதுங்களா?" என்று கேட்டாய். "உனக்கே தெரியோணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பேன்?

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் கச்சேரிக் கூட்டாளிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். நான் லுங்கியோடு உன் வாசலில் வந்து நின்று, "பொழப்பத்தவனுக்கு எதுக்குடா இந்தப் பொட்டி? அடுத்தவன் தூக்கத்தக் கெடுக்கறதுக்கா?" என்று கத்தினேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றோடு நம் பேச்சு நின்றது. மறுநாளிலிருந்து சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. பயல் மிரண்டுவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு எனக்கு. அந்தப் பாதியையும் மூன்று வருஷம் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன்.

மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. சாவுக்குக் கூட்டம் வருமென்று உன் அறையை ஒழித்து எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். பெட்டி போனதும் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. மத்தியானம் நாலு மணிக்கு, நீ வாசிக்க உட்காருகிற நேரத்துக்கு, விழிப்பு வந்துவிடும். அப்புறம் அந்தக் கதவைப் பார்த்தபடி கிடப்பேன்.

போன வாரம் உன் வருஷத் திதி. உன் கித்தாரை ஒருதரம் கேட்க வேண்டும் என்று உன் சம்சாரம் சரசு ஆசைப்பட்டாள். உன் கூட்டாளி ஜேக்கப் வந்து பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். நானும் ஒரு கை கொடுத்தேன். மூலையில் வைத்தார், கும்மென்று அடைத்தது. ஜன்னலோரம் வைத்தார், தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கம் என்பதால் ஓயாத ரீங்காரம். எதிரே வைத்து வாசித்தார், ஊளையிட்டது. கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு நடுக்கதவோரம் வைத்து, அதற்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கம்பியில் கை வைத்ததும் சத்தம் சுத்தமாக வந்தது, எனக்கே தெரிந்தது.

"முதுகுக்குப் பின்னாடி, காது உசரத்துல இருந்தாத்தானுங்ணா வாசிக்கறவனுக்குத் தன் கை தெரியும். இந்த ஊட்டுல பொட்டிக்கு வேற எடமே இல்லீங்ணா" என்றார். பெட்டியின் முகம் உன் அறையைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் அதன் பின்புறம் திறப்பு, அந்த வழியாகவும் சத்தம் போகும் என்று திருப்பிக் காட்டினார். வேண்டுமென்றே என்று நான் மூன்று வருஷமாகச் சொல்லிவந்தது இதைத்தான்.

அப்போது சரசு, "சித்த இருங்க, இன்னும் ஒண்ணு இருக்குது" என்று பரணில் ஏறி உங்கள் கல்யாணத்து இலவம்பஞ்சு மெத்தையைத் தள்ளிவிட்டாள். கதவின் உன் பக்கத்தில் நாலு பெரிய ஆணிகள். உன் சாவன்று அதில் ஒன்றில் காலண்டர் தொங்கியதைப் பார்த்து, ஒரு காலண்டருக்கு எதற்கு நாலு ஆணி என்று நினைத்ததுண்டு. மெத்தையின் நாலு மூலையிலும் கயிறு தைத்திருந்தது. ஆணிகளில் மாட்டினாள், கதவு மறைந்துபோனது.

"நீங்க வந்து சத்தம் போட்டுப்போட்டுப் போனீங்கல்ல மாமா, அன்னைக்குப் பொழுதோட அவிய இதைய மாட்டினாங்க. அண்ணங்கிட்டச் சொல்லுங்கன்னேன். அண்ணன் நல்லாத் தூங்குனாப் போதும், சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

"அப்ப நீங்க எதுல படுத்தீங்க?"

"பாயிலதானுங்."

"மூணு வருஷமாவா?"

"ஆமாங்" என்றாள், ஒரு குறையும் இல்லாத குரலில்.

நான் என் பக்கம் வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு ஜேக்கப்பை வாசிக்கச் சொன்னேன். நான் திட்டின அதே சத்தம் வந்தது. மெத்தையை எடுத்துவிட்டு வாசிங்க என்று கதவு வழியாகக் கத்தினேன். கட்டில் சட்டமே அதிர்ந்தது, நாச்சிமுத்து. நீ எவ்வளவைத் தடுத்து நிறுத்தியிருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தெய்வானை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

என் பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போயிருந்தது, சுத்தியலால் தட்டித்தான் திறந்தேன். சரசு தன் பக்கம் திறந்தாள். மெத்தையை நானே வெயிலில் காயவைத்து, அவள் கட்டிலில் விரித்துவிட்டு வந்தேன். ஜேக்கப் குடியிருக்கிற ஒற்றை அறை லைன் வீட்டில் பெட்டி வைக்க இடமில்லையாம். மத்தியானத்தில் இங்கேயே வந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறோம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கண்ணு. பெட்டி அந்தக் கதவோரத்திலேயே இருக்கும். என் தூக்கத்துக்காக இனி யாரும் சத்தத்தைக் குறைக்க மாட்டார்கள், நான் குறைக்க விடவும் மாட்டேன். இன்று நாலு மணிக்கு ஜேக்கப் வருகிறார். கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

இன்னமும் கட்டிலை நகர்த்தாத உன் அண்ணன்,
துரைசாமி