மூன்று விழுந்தது

பனையடிக்குடி,
திருத்துறைப்பூண்டி வழி,
21-2-1972.

அன்புள்ள தங்கையனுக்கு,

இராஜாங்கம் எழுதிக்கொள்வது. நானும் தங்கம்மாளும் இங்கே சுகம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் சேதி. சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. களத்தில் கூலி நெல்லைச் சட்டப்படி அளக்கிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அளந்தாலும் அளக்கிறார்கள். அறுத்த தாளுக்குள் உளுந்து பனியிலேயே நன்றாகப் பிடித்திருக்கிறது. நம் பழைய சங்கக் கொட்டகைக்கு இந்த வருஷம் புதுக் கீற்று வேய்ந்தோம். குஞ்சிதபாதம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறான். உன்னைத்தான் கேட்கிறான்.

பெரிய சேதி ஒன்று உண்டு. குடியிருக்கும் மனையை நம் பேருக்கே பட்டா போட்டுத் தருகிறார்கள். போன வாரம் கணக்குப்பிள்ளை வந்து தெருவை அளந்தார். உன் குடிசை இருந்த இடம் நாலு வருஷமாகக் காலியாகக் கிடப்பதால், பக்கத்து மனைக்காரனான என் பேரில் சேர்த்து எழுதுகிறேன் என்றார். வேண்டாம், அது தங்கையன் மனை, அவன் வருவான் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். பங்குனி பத்தாம் தேதிக்குள் நீ நேரில் வந்தால்தான் உன் பேர் ஏறும். இல்லையென்றால் அது கைவிட்டுப் போய்விடும்.

உன் மகள் அம்சம் பெரிய மனுஷியான சேதி கேட்டுத் தங்கம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சீர்ப் புடவை எடுத்துவிட்டாள். மறைப்புக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தோழிகளோடு விளையாட என்னிடம் இருக்கும் தாயக்கட்டையைக் கேட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தில் நீ சொல்லி அவள் எழுதிய ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. அன்றைக்கு விழுந்த பன்னிரண்டுதான் உன் உயிரைக் காப்பாற்றியது அண்ணே, நெஞ்சில் பலமில்லாத உன்மேல் அந்த அடி விழுந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாய், அந்த ராசி என் மகள் கையிலும் கொஞ்சம் ஒட்டட்டும் என்று எழுதியிருக்கிறாய்.

உனக்குப் படிக்கத் தெரியாது. இதையும் அம்சம்தான் படித்துக்கொண்டிருப்பாள். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் வாயால் இதைச் சொல்லவைக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. அம்சம், பெரியப்பாவுக்காக இதைச் செய், அம்மா. இனி வருவதில் ஒரு வரியைக்கூட விட்டுவிடாமல் படி.

தங்கையா, அந்த நாள் உனக்கும் நினைவிருக்கும். கூலி கேட்டு நாம் அறுக்காமல் உட்கார்ந்திருந்த பத்தாம் நாள். பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துவிடாமல் இருக்க, ரோட்டோர மதகில் ஆள் மாற்றி ஆள் காவல் நின்றோம். மற்றவர்கள் கொட்டகையில் கரிக்கட்டம் போட்டுத் தாயம் ஆடினோம். மத்தியானத்துக்கு மேல் என் முறை. காவல் மாறத் தப்புப் பறை அடித்ததும் நான் எழுந்திருக்க வேண்டும். தப்புச் சத்தம் கேட்டபோது கட்டை என் கையில் இருந்தது. பன்னிரண்டு போட்டேன், ஐந்து போட்டேன், ஆறு போட்டேன். இவையெல்லாம் மறுபடி போட உரிமை தரும் எண்கள். கை ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். நீதான் துண்டை உதறிக்கொண்டு எழுந்தாய்.

“ஒனக்குக் கை ஓடுதுண்ணே, எந்திரிக்காத. கை நிக்கிற வரைக்கும் நான் மதகுல நிக்கிறேன்” என்றாய்.

நீ வாசல் தாண்டியதும் நான் அடுத்ததைப் போட்டேன். மூன்று விழுந்தது.

ஒரு கட்டையில் மூன்று புள்ளி, இன்னொன்று வெறுமை. மூன்று விழுந்தால் ஆட்டம் கை மாறிவிடும். நான் எழுந்து ஓடி வந்திருந்தால் உன்னை மதகுக்குப் பாதி வழியிலேயே பிடித்திருப்பேன். குஞ்சிதபாதம் பீடி பற்றவைக்கக் குனிந்திருந்தான். கூட ஆடிய மற்ற இருவரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மூன்று புள்ளிக் கட்டையை விரலால் வெறுமைப் பக்கம் புரட்டிவிட்டேன். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. பன்னிரண்டு என்று நானே கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஆட்டத்தில் ஜெயிக்கும் ஆசையில் புரட்டினேன் என்று நினைத்துவிடாதே. அப்படியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று காலை டீக்கடை அப்துல் ஹமீது ராவுத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, பண்ணைக்கு லாரி பேசியிருக்கிறார்கள், தடியோடு ஆள் வருகிறது, மத்தியானம் மதகில் ஒத்தையாக நிற்க வேண்டாம், சங்கத்தில் சொல்லு என்று சொல்லியிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என் முறை வரும்போது ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். சாக்கு என் கையிலேயே இருந்தது.

அதன் பிறகு விழுந்ததெல்லாம் நிஜம். ஆறு, தாயம், ஐந்து, பன்னிரண்டு. நான் விரல்கூட வைக்கவில்லை. இப்போதாவது இரண்டோ நாலோ விழாதா, எழுந்து போகலாமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் போட்டேன். கை நிற்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டது. அப்புறம் உன் சத்தம் கேட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தாய். இனி அரிவாள் பிடிக்க முடியாது என்று அதற்குள் உன்னிடம் சொல்லிவிட்டார்கள். நீ என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஆட்டம் என்னாச்சுண்ணே, பழம் எடுத்துட்டியா?”

எடுத்துவிட்டேன் என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்காமல் பஸ் ஏறி வந்தவன் நான். கை போனவன் அறுப்புக்கு லாயக்கில்லை என்று ஆகி, நீ மாமனார் ஊரான வேதாரண்யத்துக்குக் குடும்பத்தோடு போய் உப்பளத்தில் இடது கையால் உப்பு வாருகிறாய். உன்னை பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

இங்கே இன்னும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் யாராவது, இராஜாங்கம் அன்றைக்குப் போட்ட மாதிரி இந்த ஜில்லாவிலேயே யாரும் போட்டதில்லை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராவுத்தர் மட்டும் அப்படி இல்லை. நாலு வருஷமாக எனக்கு டீயைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுப் போகிறார்.

அவரிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம், அவனிடம் சொல்லு என்றார். அவர் மகளை உன் ஊர்ப் பக்கம் தோப்புத்துறையில் கொடுத்திருக்கிறாரே, அங்கே போகும்போது இந்தக் கடிதத்தையும் புடவையையும் கட்டையையும் அவரே உன் வீட்டில் சேர்ப்பார். தங்கம்மாளிடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஊருக்குத் தெரியும் முன் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதற்குக் காத்திருக்கிறேன்.

தங்கையா, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. பட்டாவுக்கு மட்டும் வந்துவிடு. என் முகத்தில் முழிக்கப் பிடிக்காவிட்டால் சொல்லி அனுப்பு, நான் என் மனையைக் குஞ்சிதபாதத்தோடு மாற்றிக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விடுகிறேன். உன் மனை உன் பேரில் இருக்க வேண்டும். இதை மட்டும் மறுத்துவிடாதே.

அம்சம், நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா. கட்டையைப் புளி போட்டுத் துலக்கி அனுப்பியிருக்கிறேன். அதில் ராசியும் இல்லை, தோஷமும் இல்லை, வெறும் பித்தளை. மூன்று விழுந்தால் மூன்று என்றே சொல்லிக் கட்டையை அடுத்தவளிடம் கொடுத்துவிடு. உன் அப்பா நல்லவன். அண்ணன் அப்படிச் செய்திருக்க மாட்டான், நீ தப்பாகப் படிக்கிறாய் என்று உன்னைத்தான் கோபிப்பான். கோபித்தால் அந்த இடத்தை இன்னொரு தரம் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
அன்று மதகில் நிற்க வேண்டியிருந்த
இராஜாங்கம்