ரபீக்கின் பழைய பேஸ்

ஐப்பசி 12, புதன்

தூக்கம் வரவில்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். போட்டி ஆர்கெஸ்ட்ராவில் ரபீக். அவன் எங்கிருந்தோ ஒரு பழைய பேஸை வாங்கிவிட்டான். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. முழங்கை படும் இடத்தில் வார்னிஷ் போய் மரம் தெரிகிறது. இப்படி ஒன்றைத்தான் இத்தனை வருடமாக நான் தேடுகிறேன். அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

கோரிப்பாளையத்தில் அவன் வீட்டு மாடியில் வாங்கி வாசித்துப் பார்த்தேன். தட்டியது ஒரு சுரம்தான், நெஞ்சுக்குள் இறங்கியது. யார் யாரோ வாசித்து மழுங்கிய கம்பிகள். அந்தச் சத்தமே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

"எப்புடிண்ணே இருக்கு?" என்றான் ரபீக்.

"கம்பி செத்துப்போச்சு மாப்ள. புதுசு மாத்து."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நீங்க சொன்னாச் சரிண்ணே. காலையில அம்புட்டையும் கழட்டிர்றேன்."

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பாவி.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனை எடுத்தேன். "பழைய கம்பியத் தூக்கிப் போட்டுறாத மாப்ள, எனக்கு வேணும்" என்று அனுப்பிவிட்டுப் படுத்திருக்கிறேன்.