அக்கா பாடினால் கத்தும் அலாரம்

மார்ச் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று மாலை முதல் இவ்வீட்டின் கீச்சொலித் துறை அமைச்சராக அடியேன் பொறுப்பேற்றுக்கொண்டேன். பதவிப் பிரமாணத்துக்கு அப்பா ஒரு ஸ்டூலையும் இரண்டு பேட்டரியையும் கொடுத்தார். குளியலறைக்கு வெளியே, நடையில் மாட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் நேற்றும் இன்றும் காலையில் கத்தியது. "பேட்டரி போயிருக்கும், மாத்திடு. உனக்கும் பொழுது போகும்" என்றார். மாற்றினேன். பொத்தானை அழுத்திப் பார்த்தேன். காது கிழிந்தது. துறை சிறப்பாகச் செயல்படுகிறது.

மார்ச் 5, வியாழன்

புது பேட்டரி போட்டும் கத்துகிறது. ஆனால் ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன் - அக்கா குளிக்கும்போது மட்டும்தான் கத்துகிறது! மற்ற மூவரும் அவசரமாக நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவோம். அவள் கேஸ் கீசரைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காலேஜ் விழாப் பாட்டை முழுதாகப் பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அவளுக்குச் சுருதி ஏறினால் இதற்குச் சுதி ஏறுகிறது. ஆகவே இது கார்பன் மோனாக்சைடு அலாரம் அல்ல, கர்ண கடூர அலாரம்.

சாப்பிடும்போது இதை அறிவித்தேன். அம்மாவுக்குப் புரையேறியது. அக்கா நிதானமாக, "உன்னைப் பாத்தும் கத்தியிருக்கும்டா. நீதான் குளிக்கறதே இல்லையே" என்றாள்.

சரி. ஒன்றுக்கு ஒன்று.

மார்ச் 6, வெள்ளி

நீராவி! கதவிடுக்கு வழியாக வெளியே வரும் ஆவி பட்டுத்தான் அது கத்துகிறது. அலாரத்தைக் கழற்றி, வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டினேன். அக்கா முழுப் பாட்டையும் பாடினாள். அலாரம் மூச்சு விடவில்லை.

"பரவாயில்லையே, ஒரு வேலைய உருப்படியா பண்ணிட்டியே" என்றார் அப்பா. வாழ்நாளில் முதல்முறை. தேதியைக் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

அக்காவுக்குத் தலைவலி. குளித்துவிட்டு வந்து அப்படியே படுத்துவிட்டாள். பயிற்சி அதிகம் என்கிறாள் அம்மா. அநியாயம். அவள் பாடினால் தலைவலி எங்களுக்கல்லவா வர வேண்டும்?

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் தலைவலி. காலையில் குமட்டல் வேறு. கண்ணாடி வாங்க வேண்டியிருக்குமோ என்கிறார் அப்பா.

மார்ச் 14, சனி

அக்கா ஆஸ்பத்திரியில். கண் திறந்துவிட்டாள். வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்று எழுதலாம்.

நேற்றுக் காலை அக்கா குளிக்கப் போனதும் அலாரத்தைக் கொண்டுவந்து குளியலறைக் கதவருகே வைத்தேன். இந்தத் தலைவலிகளுக்கும் அலாரத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. விஞ்ஞானபூர்வமான சோதனை. சற்று நேரத்தில் அது நாலு நாலாகக் கத்தத் தொடங்கியது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னடா சத்தம்?"

"அக்கா பாட்டுதான்மா, வேற என்ன?"

"பாட்டு எங்கடா கேக்குது?"

கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அம்மா தோளால் மோதினாள், நானும் மோதினேன், தாழ்ப்பாள் பெயர்ந்து வந்தது. அக்கா வாளிக்கருகே மடங்கிக் கிடந்தாள். துண்டைச் சுற்றி, இழுத்து, வாசலுக்குக் கொண்டு போனோம். அப்பா கீசரை அணைத்து, இருக்கிற ஜன்னலையெல்லாம் திறந்தார். அம்மா என்னென்னவோ கத்தினாள். நான் - அக்கா எழுந்திரு, எழுந்திரு அக்கா, சத்தியமா இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்னு - அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தேன்.

ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு கலந்திருந்ததாம். ஆக்சிஜன் வைத்தார்கள். "சமயத்துல தூக்கிட்டு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்!

கீசர் மெக்கானிக் புகைக்குழாயைக் கழற்றி உதறினார். ஒரு குருவிக் கூடு, முழுசாக. "புகை வெளிய போக வழியில்ல. மொத்தமும் ரூமுக்குள்ளயே திரும்பியிருக்கு" என்றார். எங்கள் குளியல் சீக்கிரம் முடிந்துவிடும், தப்பித்தோம். அவள் பாட்டு நீளம்.

அலாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். எப்போதாவது ஒரு கீச் என்றால் பேட்டரி, நாலு நாலாக அடித்தால் வாயு, உடனே வெளியேறவும் என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. பேட்டரி மாற்றிய அன்று அந்த முதுகு என் கையில்தான் இருந்தது.

மூச்சு வாங்காமல் கத்திய அந்த வெள்ளை டப்பாவுக்கு நன்றி. செருப்புக்கூடப் போடாமல் காரை எடுத்த பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணனுக்கு நன்றி. பெட்ரோல் காசை நீட்டிய அப்பாவை அவர் முறைத்த முறைப்புக்குத் தனி நன்றி. அம்மாவின் காதுக்கு நன்றி. கத்துகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, கேட்காத சத்தம் அவளுக்குத்தான் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் இப்போது 'விஞ்ஞானி'. சார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கதையை ஆறு பேருக்குச் சொன்னேன். ஆறாவது தடவை குருவி பருந்தாகிவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

அக்கா போனில் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் தம்பிதான்டி கண்டுபிடிச்சான். எவ்ளோ யோசிச்சிருக்கான் பாரு. நான்தான் அவனை லூசுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அதற்குமேல் நிற்க முடியவில்லை. அவள் போனை வைத்ததும் சொல்லிவிட்டேன்.

"சந்தேகமும் இல்ல, சோதனையும் இல்லக்கா. நீ பாடும்போது கத்தவிட்டு உன்னை வெறுப்பேத்தலாம்னுதான் அங்க கொண்டு வந்து வெச்சேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்போ என்னைக் காப்பாத்தினது உன் அறிவு இல்ல, உன் கொழுப்பு! அப்பாடா. இனிமே உன் அறிவை நம்பி வாழணுமோன்னு பயந்துட்டிருந்தேன். கொழுப்புன்னா கவலையில்ல, அதுக்கு என்னிக்கும் பஞ்சமே வராது."

நானும் சிரித்திருக்கலாம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது.

பாட்டு பாதியில் நின்றபோது நான் கதவுக்கு வெளியேதான் இருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா வரும்வரை கை தட்டிக்கொண்டிருந்தேன்.

அதையும் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.