நங்கைக்கு, இரண்டாம் நாளைப் பற்றி

இன்று காலை பண்ணைக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போடுகிறவர் வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் திறந்து வைத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஊசியைத் துடைத்தார். நான் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த கோழியை விட்டுவிட்டேன். அது கத்திக்கொண்டு கூண்டுகளுக்கு அடியில் ஓடியது.

"ஏஞ்சாமி, பயந்துக்கறே? ஊசி உனக்கில்ல, கோழிக்கு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அஸ்தம்பட்டியில் அந்த டாக்டரம்மாவின் அறையில் இதே வாசனையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும், நங்கையா?

வருகிற ஆடியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் உங்களைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். நீங்கள் குறை சொல்ல மாட்டீர்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் நங்கையாக வந்தபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு வருஷம் கழித்து என் படிப்பு நின்றது. பெரியவளானதும் ராசிபுரத்துக்கு பஸ்ஸில் அனுப்ப வேண்டாம் என்றார்கள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரலே வராது. கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் சொல்லி டிக்கெட் கேட்கக்கூட வராது. நீங்கள்தான் கேட்பீர்கள். ஆனால் டாக்டரம்மா முன்னால் உங்களுக்கும் வாய் அடைத்துவிடும். அங்கே நான் பேச வேண்டியதாயிற்று. பேசத் தெரியாத இரண்டு பேரை அம்மா சேலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அண்ணன் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போய்விடுவார். ஊரில் இருந்தாலும், "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று லாரிக்கு அடியில் படுத்துக்கொள்வார்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தீர்கள். ஒன்றும் அசையவில்லை. முட்டை விடாத கோழிகளைத் தடவிப் பார்த்து ஒதுக்குகிற நாட்களில் அம்மா சத்தமாகச் சொல்வாள், "உடாத கோழிக்கு எதுக்குத் தீவனம்?" என்று. எனக்கு முகம் சுருங்கிவிடும். நீங்கள் என் காதில் சொல்வீர்கள்: "அத்தை கோழியத்தான் சொல்றாங்க அம்முணி. என்னையன்னா பேரச் சொல்லித்தான் திட்டுவாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள். கையிலிருக்கிற கோழியை மட்டும் கூடையில் போடாமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பீர்கள்.

பிறகுதான் ஊசி. மெட்ராஸிலிருந்து மருந்து வரவழைத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். ஒவ்வொரு மாதமும் ஆரம்ப நாட்களிலேயே உள்ளே சில கருமுட்டைகள் வளரக் கிளம்பிவிடும், சிலருக்கு நிறையக் கிளம்பும், உங்களுக்குக் கொஞ்சம்தான் கிளம்புகிறது, அந்தக் கொஞ்சம் கிளம்பும்போதே ஊசி போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். "உன்ன மாதிரி உடம்புக்கு ரெண்டு நாள் தள்ளிப்போனாக்கூட வீண்தாம்மா. ரெண்டாம் நாளே வந்துடணும்" என்றார். மூன்று மாதம் பார்க்கலாம், அதற்கு மேல் மருந்தை வீணாக்குவதில் அர்த்தமில்லை என்றும் சொன்னார். வீட்டில் அதற்குள் அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு ஆரம்பித்திருந்தது. அந்த மூன்று மாதம்தான் உங்களுக்கு இருந்தது.

இரண்டாம் நாள் என்றதை அம்மா தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் எந்த நாளையும் தலைக்குத் தண்ணீர் வார்த்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அதற்கு முந்தைய நாட்கள் கணக்கிலேயே கிடையாது. அந்த நாட்களில் நீங்கள் தீவன அறையில், கம்பு மூட்டைக்கும் கருவாட்டுத்தூள் மூட்டைக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருப்பீர்கள். நான் தட்டை வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்பேன். மூன்றாம் நாள் காலையில் குளிப்பீர்கள். "குளிச்ச ரெண்டாம் நாளு போங்க. தூரத்தோட யாராச்சும் பஸ்ஸு ஏறுவாங்களா?" என்றாள் அம்மா. எனக்கும் அது சரியாகவே பட்டது. முதல் மாதம் அப்படித்தான் போனோம். டாக்டரம்மா எத்தனையாவது நாள் என்று கேட்டபோது, "ரெண்டுங்க" என்று நான் நிஜமாகவே நம்பிச் சொன்னேன்.

இரண்டாம் மாதம் அப்படி இல்லை. பெஞ்சில் என் பக்கத்தில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நேத்துதான் ஆச்சு கண்ணு. இன்னிக்கு ரெண்டாம் நாளு, வந்தே ஆகணும்னு ஓடியாந்தேன்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு அன்று நான்காம் நாள். உள்ளே கூப்பிட்டார்கள். எத்தனையாவது நாள் என்று கேட்டார்கள். நமக்கு முன்னால் போன பெண்ணை நாள் தள்ளி வந்ததற்காக டாக்டரம்மா திட்டிய சத்தம் வெளியே வரை கேட்டிருந்தது. நாலு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ரெண்டுங்க" என்று வந்தது.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு தரையைப் பார்த்தீர்கள்.

ஸ்கேன் எடுக்கிற நாளில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். வீட்டிலேயே நான்கு சொம்பு குடித்துவிட்டு பஸ் ஏறினீர்கள். மல்லூர் தாண்டி ஒவ்வொரு குழியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "டிரைவர்கிட்டச் சொல்லு அம்முணி, பாத்து ஓட்டச் சொல்லி. இல்லீனா பஸ்ஸு மெதக்கும்" என்றீர்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. திரையில் ஒன்றுமே இல்லை. உடம்பு மருந்துக்கு அசையவே இல்லை, கடைசியாக இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்தார்.

ராசிபுரம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "நங்கையா, நாளத் தப்பாச் சொல்லிட்டனுங்க. நாலாம் நாளுங்க அது."

"தெரியும் சாமி. எம்பட உடம்பு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க சொல்லலீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "தப்பா எண்ணி ஆகலீனா, நாளு மேல பழியப் போட்டுக்கலாம். சரியா எண்ணியும் ஆகலீனா எது மேல போடறது?"

ஆனால் டாக்டரம்மா அந்தச் சீட்டில் எழுதியது உங்களைப் பற்றி நான் சொன்ன பொய் என்று பட்டது. "அடுத்த மாசம் சரியாப் போலாங்க" என்றேன்.

மூன்றாம் மாதம் நீங்கள் தீவன அறைக்குப் போன மறுநாள் காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். சேலம் போகிறோம் என்றேன். அம்மா பால் சொம்போடு வாசலில் வந்து மறித்தாள்.

"ஏம்புள்ள, புத்தி கெட்டுப் போச்சா? தூரமா இருக்கறவளக் கூட்டிக்கிட்டு ஊரெல்லாம் தீட்டாக்கப் போறியா? நாளைக்குக் குளிச்சிட்டு நாளானிக்குப் போவட்டும்."

எனக்கு வழக்கம்போல் குரல் வரவில்லை. தீவன அறை வாசலுக்குப் போனேன். நீங்கள் பின்னால் நகர்ந்தீர்கள். நான் உள்ளே வந்து அம்மா பார்க்கப் பார்க்க உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாளில் உங்களை யாரும் தொட்டதில்லை. கையைப் பிடித்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"நானும் தொட்டுட்டனுங்கம்மா. இனி எனக்கும் தீட்டுத்தான். நானும் ஊட்டுக்குள்ள வர முடியாது. ரெண்டு பேரும் போய்ட்டு வாரோம்."

அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போங்க. வாரப்ப கெணத்துல முழுகிட்டு ரெண்டு பேரும் வெளியவே கெடங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா கேட்டார். "நெசமாவே ரெண்டுங்க" என்றேன். "போன ரெண்டு மாசமும் நாலுங்க. நாந்தான் மாத்திச் சொல்லிட்டனுங்க." அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இத அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அந்தக் குரலுக்குத் திட்டே மேல்.

அந்த முறை தினமும் போய் வந்தோம். ஸ்கேன் எடுத்த அன்று டாக்டரம்மா திரையை நம் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு. "ஒண்ணு வளர்ந்திருக்கு பாரு" என்றார். ஒன்றே ஒன்று. நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். எழுந்து போய் தண்ணீரை விடச் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் பதினேழு நாள். தினமும் காலண்டரைக் கிழித்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நாள் காலையில் நான் கூண்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தீவன அறைக்கு நடந்து போனீர்கள். என்னை நீங்கள் கூப்பிடவில்லை.

அடுத்த மூன்று மாதத்தில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவதென்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஆத்தூர்ப் பக்கம் உங்கள் அம்மா வீட்டுக்கு நீங்கள் கிளம்பிய அன்று, பஸ் நிறுத்தத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் வருகிற தூசி தெரிந்த பிறகுதான் பேசினீர்கள்.

"ஒண்ணு வளந்துச்சில்ல அம்முணி? நீயும் பாத்தியில்ல?"

"பாத்தனுங்க."

"போதும் போ."

அங்கே உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததே எங்களுக்குத் தெரியாது. நீங்கள் போய்விட்டதாகத் தந்திதான் வந்தது. அதைப் படித்துச் சொன்னவள் நான். நான் போகிறேன் என்றேன். எந்த முகத்தோடு போவது என்று அம்மா அழுதுகொண்டே தடுத்தாள். அந்த முறை யார் கையையும் பிடித்துக்கொண்டு கிளம்ப எனக்குத் தெரியவில்லை.

நான் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், நாள்தான் தப்பு என்று நீங்கள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். பழி போட உங்களிடம் மிச்சமிருந்த ஒன்றையும் நான் பிடுங்கிக்கொண்டேனோ என்று பல நாள் யோசிக்கிறேன். சில நாள் அப்படி இல்லை என்று படும். திரையை நீங்கள் பார்த்த பார்வை ஞாபகம் வரும்.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். உங்கள் பேச்சு வந்தது. அம்மா கோபமில்லாமல்தான் சொன்னாள்: "பாவம், நல்ல புள்ளதான். ஆனா அவளுக்கு உள்ள ஒண்ணுமே வளரலீங்க." நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும்.

"ஒண்ணு வளந்துச்சுங்க. நான் பாத்தனுங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா தீவன விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கழுவினேன். இனி யார் சொன்னாலும் அப்படித்தான் சொல்வேன், நங்கையா. பார்த்தவள் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.